மூத்தார் எதிரே உட்கார்ந்தது

நம் ஊர்,
20-9-1961

என் அன்பான மாமாவுக்கு, உங்கள் வேணி வணங்கி எழுதிக்கொண்டது. நானும் ருக்குவும் மாடு கன்றும் சுகம். ஜபல்பூரில் உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? சப்பாத்தி தொண்டையில் இறங்கவில்லை என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். விழுப்புரத்தில் ரயிலேறும்போது கட்டிக் கொடுத்த ஊறுகாய் அதற்குள் தீர்ந்துவிட்டதா? பட்டாளம் முழுவதற்கும் வாரி இறைத்திருப்பீர்கள், எனக்குத் தெரியாதா உங்களை!

மல்லாட்டை பிடுங்கியாயிற்று. மழை கொஞ்சம் ஏமாற்றினாலும் கடலை மோசமில்லை. ருக்கு காக்கிச் சட்டையைக் கண்டால் போதும், "அப்பா வந்துட்டாரு" என்று தெருவுக்கு ஓடுகிறாள். பாவம், அந்த போஸ்ட்மேனுக்கே வெட்கமாகப் போய்விட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அண்ணனிடமிருந்தும் ஒரு கடிதம் வரும். இதற்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருக்கும். நான் குடும்ப மானத்தைக் காற்றில் பறக்கவிட்டேன் என்று அதில் இருக்கும். என்னுடையதையும் முழுதும் படித்துவிட்டு அப்புறம் கோபப்படுங்கள்.

பஞ்சாயத்தில் பெண் ஒருத்தியாவது இருக்க வேண்டும் என்று சட்டம் வந்து, தேர்தலில் ஒருத்தியும் நிற்காததால், தலைவரான உங்கள் அண்ணனே என்னை நியமன மெம்பராகப் போட்டார் அல்லவா? எட்டாவது படித்தவள் என்பதால் போட்டார் என்று நீங்கள் பெருமையாக எழுதினீர்கள். எனக்கும் தலைகால் புரியவில்லை. உண்மையை அவர் சம்சாரம் தைலம்மாள் அக்காதான் பிறகு சொன்னாள். "வேற எவளப் போட்டாலும் வந்து உக்காந்துக்கினு பேசுவா. நம்ம வேணின்னா மூத்தாரு எதிர்ல உக்காரவும் மாட்டா, வாயத் தொறக்கவும் மாட்டா" என்று அவர் மற்ற மெம்பர்களிடம் சொன்னதை அக்கா காதால் கேட்டாளாம். எப்படி யோசித்திருக்கிறார் பாருங்கள்! அவர் நினைத்தது தப்பவும் இல்லை. இத்தனை நாளும் ஆபீஸ் கதவுக்கு வெளியேதான் நின்றேன். கிளார்க் விருத்தாசலம் நோட்டை வாசலுக்குக் கொண்டுவருவார், கையெழுத்துப் போடுவேன். உள்ளே எல்லோரும் கை தூக்கும்போது நானும் தூக்குவேன். அதைப் பார்க்கத்தான் ஆள் கிடையாது.

போன மாதம் உங்கள் சம்மதத்தோடு திண்டிவனத்தில் பெண் மெம்பர்கள் முகாமுக்குப் போனேனே, அங்கேயும் முக்கால்வாசிப் பேர் என்னைப்போலத்தான். ஒருத்தி தலைவரின் மருமகள், ஒருத்தி தங்கை. மரக்காணத்துப் பக்கம் மீன் விற்கிற முனியம்மாள் மட்டும் வேறு மாதிரி. நான் வாசலில் நிற்கிற கதையைக் கேட்டுவிட்டு, "நீ இன்னா அங்க காவலுக்கா நிக்கிற?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுகையாக வந்தது.

போன வியாழக்கிழமை கூட்டம். ஏரிக்கரைக் கருவேலந்தோப்பை விறகுக்கு வெட்ட ஏலம் விட்டு, அந்தப் பணத்தில் பஞ்சாயத்துக்கு ரேடியோ வாங்கலாம் என்று பேச்சு. மாமா, விடியுமுன்னும் இருட்டின பிறகும் நம் ஊர்ப் பெண்கள் ஒதுங்குகிற இடம் அந்தத் தோப்புதான். வேறு மறைவு ஏது? நாலு பக்கமும் வெட்டவெளி வயல். ஆண்களுக்கு வாய்க்கால் ஓரம் போதும். உள்ளே இருந்த ஒருவருக்கும் இது தோன்றவே இல்லை. கெட்ட எண்ணம் என்று சொல்லமாட்டேன், தோன்றவில்லை, அவ்வளவுதான்.

வழக்கப்படி விருத்தாசலத்தைக் கூப்பிட்டு, வெட்ட வேண்டாம் என்று சொல்லியனுப்பினேன். ஏன் என்று கேட்டுவரச் சொன்னார் உங்கள் அண்ணன். கேட்க வந்த விருத்தாசலத்திடம் இதை எப்படிச் சொல்வேன்? அதற்குள் மெம்பர் தேவநாதன், "அடுப்பெரிக்க வெறகு கெடைக்காம பூடும்னு அம்மா பயப்படுது போல" என்று சொல்ல, உள்ளே ஒரே சிரிப்பு. ஏகமனதாக என்று எழுதப் போகிறார்கள். எனக்கு எங்கிருந்துதான் அந்த ஆத்திரம் வந்ததோ, விறுவிறுவென்று உள்ளே போய்ப் பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்ததும் உங்கள் அண்ணன் சட்டென்று எழுந்து நின்றுவிட்டார். தம்பி சம்சாரம் உட்கார்ந்திருக்க அவர் எப்படி எதிரே உட்காருவார்? தலைவர் நின்றதைப் பார்த்து மற்றவர்களும் எழுந்தார்கள். அத்தனை ஆண்களும் நிற்கிறார்கள், நான் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது, சத்தியமாக. தலையைக் குனிந்துகொண்டு, "தோப்ப வெட்டிட்டா பொம்பளைங்க நாங்க எங்க போறது?" என்று கேட்டேன். வேறு ஒரு வார்த்தை பேசவில்லை.

கொஞ்ச நேரம் யாருக்கும் விளங்கவில்லை. தேவநாதனுக்குத்தான் முதலில் விளங்கியது. அவர் வீட்டில் வயசுப் பெண்கள் இருக்கிறார்களே. தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஆளுக்கொரு பக்கம் சுவரைப் பார்த்தார்கள். ஏலப் பேச்சு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போயிற்று. உங்கள் அண்ணன் செருப்பைக்கூட மாட்டாமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

அன்றிலிருந்து அவர் நம் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. எனக்கு அதுதான் பெரிய வேதனை. ருக்குவுக்குக் காய்ச்சல் கண்டபோது தோளில் போட்டுக்கொண்டு விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் அவர்தானே. அந்த நன்றியை மறந்தால் நான் மனுஷியே இல்லை. ஆனால் இப்போது என் பெயரில் ராஜினாமா எழுதி, கையெழுத்துக்காக அக்காவிடம் கொடுத்தனுப்பியிருக்கிறார். நான் போட்டுவிட்டால் இன்னொரு வாயில்லாப் பூச்சியைப் பிடித்து மெம்பராக்குவார். அடுத்த கூட்டத்தில் தோப்பும் போய்விடும்.

அக்கா வந்து காகிதத்தை நீட்டி, "கையெழுத்து வாங்கிக்கினு வரச் சொன்னாரு, குடுத்துட்டேன். போட்டு கீட்டு வெக்காதடி! எனக்கு முட்டி வலி. தோப்பு போச்சுன்னா இருட்டுல எந்த ஊரு வரைக்கும் நடப்பேன்?" என்றாள். இருவரும் சிரித்த சிரிப்பில் தூங்கிக்கொண்டிருந்த ருக்கு எழுந்துவிட்டாள்.

எங்கள் வீட்டுக்காரர் சொல்லாமல் போடமாட்டேன் என்று அக்காவிடம் சொல்லியனுப்பினேன். அது சாக்கு இல்லை மாமா, நிஜமாகத்தான் சொன்னேன். தகப்பன் இல்லாத உங்களைத் தோளில் தூக்கி வளர்த்தவர் அண்ணன். அவர் கேட்டு நீங்கள் இல்லை என்று சொன்னதே கிடையாது. அது தெரிந்துதான் உங்களுக்கு எழுதியிருக்கிறார். எனக்கும் அது தெரியும், அதனால்தான் இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

அவரை எதிர்த்து எழுதும்படி நான் கேட்கவே மாட்டேன். அந்தச் சங்கடம் உங்களுக்கு வேண்டாம். ஆனால் போடு என்று நீங்கள் எழுதினால் நான் போட்டுவிடுவேன். உங்கள் பேச்சை மீறி எனக்கு நடக்கத் தெரியாது. ஆகையால் காலைத் தொட்டுக் கேட்கிறேன், அந்த ஒன்றை மட்டும் எழுதாதீர்கள். லீவு எப்போது என்று எழுதுங்கள். அங்கே பெய்கிற மழையை எழுதுங்கள். என்னை விட்டுவிட்டு ருக்குவை மட்டும் விசாரித்து எழுதினாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன். இதைப் பற்றி மட்டும் ஒரு வரியும் வேண்டாம், என் ராஜா.

நோய்நொடி அண்டாமல் சாமி உங்களைக் காப்பாற்றட்டும்.

என்றும் உங்கள்,
கிருஷ்ணவேணி