அன்று மைக்கில் சொன்ன பெயர்

சார்,

நேற்று மத்தியானம் டிவியில் உங்கள் ஆளைக் காட்டினார்கள்.

கிரிக்கெட்டை வளர்த்த பெரிய மனிதர்கள் என்று ஒரு நிகழ்ச்சி. தாடி வைத்த வெள்ளைக்காரர்கள் வந்தார்கள், தலைப்பாகை கட்டிய ராஜா ஒருவர் வந்தார், பிறகு உங்கள் ரேடியோவில் அந்தக் காலத்தில் பெயர் அடிபட்டவர்கள் வந்தார்கள். நடுவில் மங்கலாக ஒரு கறுப்பு வெள்ளைப் படம். வெள்ளைக்காரர் கிளப்பில் மைதானம் பெருக்கியவராம். துரைமார்களுக்கு வலைக்குள் பந்து போட்டுப் போட்டே கை பழகியவராம். பெரிய டீமில் சேர்த்துக்கொண்ட பிறகும், தாழ்ந்த சாதி என்று டீயை மட்டும் தனியாக மண் குவளையில் கொடுத்தார்களாம். முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது. அந்த ஆளை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து நீங்கள் சொன்ன ஆள்தான்.

இத்தனை வருடமும் அது நீங்களாகக் கட்டிவிட்ட கதை என்றே நினைத்திருந்தேன். என் தம்பியைப் பிடிப்பதற்காக ஒரு ஆளை உண்டாக்கிக்கொண்டு வந்தீர்கள் என்று. இல்லை, அவர் உண்மையாகவே இருந்திருக்கிறார். சரி, அந்த ஒரு சந்தேகம் தீர்ந்தது. மற்றவை தீரவில்லை. நீங்கள் ஊரோடு போய், அங்கேயே காலமான செய்தி எனக்கு வந்து சேர்ந்தபோது கூட, அழுவதற்கு முன்னால் ‘இனி யாரிடம் கேட்பது’ என்றுதான் முதலில் தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

உங்களை எனக்கு முதலில் உங்கள் வீட்டு அம்மா மூலமாகத்தான் தெரியும். காடாம்புலியூர்ப் பக்கமிருந்து பலாச்சுளை கொண்டுவந்து சுரங்க டவுன்ஷிப்பில் பிளாக் பிளாகாக விற்பேன். அம்மா ஒவ்வொரு சுளையையும் முகர்ந்து பார்த்துத்தான் வாங்குவார். நீங்கள் உள்ளே ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டு, நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி ‘அடிச்சாம்வே!’ என்று கத்துவீர்கள். சுரங்கத்தில் குமாஸ்தா, செக்ஷன் கிரிக்கெட் டீமுக்குச் செயலாளர், திருநெல்வேலிக்காரர். அவ்வளவுதான் தெரியும். என் தம்பி ஏழுமலை, நீங்கள் ஆடுகிற மைதானத்தில் கான்ட்ராக்ட் வேலை செய்தான். தண்ணீர் தெளிப்பான், ரோலர் இழுப்பான், ஆடுகளத்தில் தென்னை நார்ப் பாயை விரித்துச் சுற்றிலும் ஆணி அடிப்பான். சாயங்காலம் உங்கள் ஆட்களுக்கு வலையில் பந்து போடுவான். போடு என்றால் போடுவான், போதும் என்றால் ரோலருக்குத் திரும்பிவிடுவான்.

அப்படி இருக்கையில் ஒரு நாள் சைக்கிளை உருட்டிக்கொண்டு எங்கள் காலனிக்குள் வந்தீர்கள். எங்கள் காலனிக்குக் காரியம் இல்லாமல் சட்டை போட்ட ஆபீஸ்காரர் யாரும் வந்ததில்லை. டீ கொடுத்தேன். எங்கள் டம்ளரில், வாய் வைத்து, கடைசி மடக்கு வரை குடித்தீர்கள். அதையும் சந்தேகப்பட்டேன் சார். ஆசையாகக் குடிக்கிறாரா, குடிக்கிறேன் பார் என்று குடிக்கிறாரா?

“ஒங்க தம்பி மணிக்கட்டு சாதாரண மணிக்கட்டு இல்லம்மா” என்று ஆரம்பித்து, அந்தப் பழைய காலத்து ஆளின் கதையைச் சொன்னீர்கள். ஏழுமலை வாயைப் பிளந்துகொண்டு கேட்டான். நான் முறத்தை வைத்துக்கொண்டு நின்றேன்.

“அவ்வளவு நல்லா போட்டாரே, அவரக் கேப்டனாக்கினாங்களா?”

டம்ளரைக் கீழே வைத்தீர்கள். “இல்லம்மா. ஆக்கல.”

“அப்பறம் இந்தக் கதைய எதுக்குங்க எங்கூட்ல வந்து சொல்றீங்க?”

நேற்று டிவியில் இன்னொன்றும் சொன்னார்கள். அவரை ஆக்கவில்லையாம், பின்னால் அவருடைய தம்பியைக் கேப்டன் ஆக்கினார்களாம். இது உங்களுக்குத் தெரியாதா? தெரிந்தும் விட்டுவிட்டீர்களா? சொல்லியிருந்தால் குருவிக்கு வலையில் தானியம் இறைக்கிற மாதிரி இருக்கும், இவள் இன்னும் விலகிப் போவாள் என்று கணக்குப் போட்டீர்களோ என்னவோ. உங்களைப் பற்றி ஒன்று தெளிந்தால் இன்னொன்று கலங்குகிறது.

கதைக்கு அப்புறம்தான் காரியம் வந்தது. செக்ஷன்களுக்குள் நடக்கிற போட்டியின் கடைசி ஆட்டத்தில் ஏழுமலை உங்கள் டீமுக்குப் பந்து போட வேண்டும். ஆனால் பர்மனெண்ட் ஆட்கள் மட்டும்தான் ஆடலாம் என்பது விதி. அதனால், நீண்ட லீவில் ஊருக்குப் போயிருக்கிற சுந்தரமூர்த்தி என்கிற ஃபிட்டரின் பெயரில் இவன் ஆடுவான்.

“யாரோ ஒருத்தர் பேர்லயா?”

“பேரு சும்மா தாளுக்குத்தாம்மா. பந்து போடுதது இவன்தான, நம்ம டீம்ல எல்லாருக்கும் தெரியும்லா.”

“தாளுக்குத்தானன்னா ஒங்க பேர எழுதிக்கினு போங்களேன்.”

நீங்கள் சிரித்துவிட்டீர்கள். ஏழுமலைக்கு மட்டும் முகம் சுருங்கிப் போயிற்று. அவனை அம்மா போன பிறகு தூக்கி வளர்த்தவள் நான். பிடித்துவிட்டால் மைதான வேலையும் போகும், அதில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. ஜெயித்தால் மேலதிகாரியிடம் சொல்லி பர்மனெண்ட் ஆக்கப் பார்க்கிறேன் என்றீர்கள். ஆக்குகிறேன் என்று சொல்லவில்லை. ‘பார்க்கிறேன்’ என்றீர்கள். அந்த வார்த்தையை நான் விடவில்லை.

நீங்கள் போனதும் அவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். “எக்கா, ஒரே ஒரு தபா. வெள்ளச் சட்ட போட்டுக்கினு, நானே ஆணியடிச்ச பாய்ல நானே போட்டுட்டு வந்துடறங்க்கா. அப்பறம் நீ கெணத்துல குதின்னாலும் குதிக்கிறேன்.”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

கடைசி ஆட்டத்தன்று கூடையை இறக்கி வைத்துவிட்டு நானும் வேலியோரம் போய் நின்றேன். பங்குனி வெயில். அவன் போட்டிருந்தது உங்கள் பேண்ட், உங்கள் சட்டை. இடுப்பில் கயிறு கட்டியிருந்தான். சுற்றிலும் அவனோடு ரோலர் இழுக்கிற பையன்கள். அவர்களிடம் நான் முன்னாலேயே சொல்லி வைத்திருந்தேன்: “எவனாவது ஏழுமலன்னு கத்துனீங்க, பல்லப் பேத்துடுவேன். சுந்தரமூர்த்தின்னு கத்துங்க.” ஒருத்தன் கத்திப் பார்த்தான், “சுந்தரமூர்த்தீ!” என்று. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “யாருடா அது, ஒங்க மாமனா?”

பெரிய கூத்து என்னவென்றால், உங்கள் ஆட்கள் கூப்பிடுகிறபோது அவனே திரும்பமாட்டான். “சுந்தரமூர்த்தி, பால்! பால்!” என்று தொண்டை கிழியக் கத்துகிறார்கள்; அவன் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான், பந்து அவன் காலடியிலேயே ஓடிப் போகிறது. ஆனால் பந்தைக் கையில் கொடுத்ததும் வேறு ஆளாகிவிட்டான். மணிக்கட்டை ஒரு திருகு. பாயில் பட்ட பந்து நேராகப் போகிற மாதிரி போய், தன் வீட்டைத் தாண்டிப் போய்விட்டு ஞாபகம் வந்து திரும்புகிறவன் மாதிரி சடக்கென்று திரும்பும். எதிர் டீமில் பாதிப் பேரை அவன்தான் திருப்பி அனுப்பினான். நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றேன்.

இடைவேளை வந்தது. எல்லோரும் நிழலுக்குப் போனார்கள். பாய் ஒரு ஓரத்தில் ஆணி கழன்று தூக்கிக்கொண்டிருந்தது. ரோலர் பையன்கள் சுத்தியலோடு போனார்கள். நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், உங்கள் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டே என் தம்பியும் போய்க் குந்தி, பையன் கையிலிருந்த சுத்தியலை வாங்கி, ஆணியடிக்க ஆரம்பித்துவிட்டான். “நீ போடா, நீ கோணலா அடிப்ப” என்று சொல்லிக்கொண்டு. அவனுக்கு அதில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. பாய் தூக்கினால் அடிக்க வேண்டியது அவன் வேலை, அவ்வளவுதான்.

எதிர் டீம் கேப்டன் நிழலில் சோடா குடித்துக்கொண்டிருந்தார். பாட்டிலை இறக்கிவிட்டு அவனையே பார்த்தார். ஃபிட்டர் எதற்கு ஆணியடிக்கிறான் என்று யாருக்கும் தோன்றும்தானே.

பிறகு உங்கள் ஆட்கள் அடித்து ஜெயித்துவிட்டார்கள். மேசை போட்டு, துணி விரித்து, கோப்பையை வைத்து, மைக்கை உங்கள் கையில் கொடுத்தார்கள். அதற்குச் சற்று முன்னால் அந்தக் கேப்டன் உங்களிடம் வந்து காதில் ஏதோ சொன்னார். நான் பார்த்தேன் சார். வேலியோரத்திலிருந்து என் கண்ணுக்கு அது தப்பவில்லை.

“இன்னைக்கு நல்லா பந்து போட்டவருக்குப் பரிசு” என்று ஆரம்பித்து நிறுத்தினீர்கள். பிறகு சொன்னீர்கள்: “ஏழுமலை. நம்ம கிரவுண்டுல கான்ட்ராக்டுல வேலை பாக்குத ஏழுமலை.”

ரோலர் பையன்கள் மட்டும் கத்தினார்கள். அவன் எழுந்து நின்றான், இந்தத் தடவை முதல் கூப்பாட்டிலேயே. பரிசு கொடுக்க வந்திருந்த அதிகாரி கோப்பையை எடுப்பதா வைப்பதா என்று தெரியாமல் உங்களைப் பார்த்தார். அன்றைக்கே கோப்பை எதிர் டீமுக்குப் போயிற்று.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும், ஆனால் எங்கள் பக்கத்தில் நடந்தது முழுதும் தெரியாது. உங்களுக்கு டீம் செயலாளர் பதவி போயிற்று, செக்ஷனில் உங்களோடு யாரும் பேசவில்லை என்றார்கள். உங்கள் வீட்டு அம்மா வெகு நாள் கதவைத் திறக்காமலேயே “பலா வேண்டாம்” என்று உள்ளிருந்து சொன்னார். எங்களுக்கு? கான்ட்ராக்டர் என் தம்பியைக் கூப்பிட்டு, “நீதான் பெரிய பிளேயராச்சே, ஒனக்கு எதுக்குப்பா ரோலரு” என்று அனுப்பிவிட்டார். உங்கள் சம்பளம் நிற்கவில்லை சார். அவன் சோறு நின்றுவிட்டது. குள்ளஞ்சாவடி சந்தையில் மூட்டை தூக்கினான். உங்கள் மேல் எனக்கு இருக்கிற கோபத்துக்கு அந்த ஒன்று போதும்.

அவனிடம் சொன்னால் கேட்கமாட்டான். மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, “மைக்ல எம் பேரக் கேட்டியாக்கா? பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும்” என்பான். அவன் முதுகில் சாக்கு நார் ஒட்டிக்கொண்டிருக்கும், அதைத் தட்டிவிட்டுக்கொண்டே சிரிப்பான்.

அப்புறம் நீங்களே வடலூரில் ஒரு பட்டறையில் பேசி அவனைச் சேர்த்துவிட்டீர்கள். அங்கேயே தொழில் பழகி, கல்யாணம் கட்டி, பிள்ளைகளை ஆளாக்கிவிட்டான். அது இரக்கமா, பரிகாரமா, இல்லை என் வாயை அடைக்கத்தானா என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, சும்மா இருந்துவிட்டேன்.

ஒரே ஒரு தடவை கேட்டேன். நீங்கள் ஓய்வு பெற்று ஊருக்குக் கிளம்புகிற சமயம், வடலூர் பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்தீர்கள். தலை நரைத்திருந்தது.

“சார், ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. அன்னிக்கு அந்த ஆளு ஒங்க காதுல என்னா சொன்னாரு?”

“எந்த ஆளும்மா?”

“தெரியாத மாதிரி கேக்காதீங்க. நான் வேலியாண்ட நின்னுக்கினு பாத்துக்கினுதான இருந்தேன்.”

“அதுவா? மழ வரும்போல இருக்குன்னு சொன்னாரு.”

“பங்குனி வெயில்ல மழையா?”

“அவருக்கு அப்படித் தோணிருக்கு, நான் என்ன செய்யட்டும்?” என்று சிரித்தீர்கள். பஸ் வந்துவிட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினீர்கள். அதுதான் நான் உங்களைக் கடைசியாகப் பார்த்தது.

எத்தனையோ தடவை இதைப் போட்டு உருட்டிப் பார்த்திருக்கிறேன். ‘உன் குட்டு தெரிந்துவிட்டது, புகார் கொடுக்கப் போகிறேன்’ என்று அவர் சொல்லியிருப்பார். அதற்குள் நீங்களே சொல்லி முந்திக்கொண்டீர்கள். ஊரில் எல்லோரும் அப்படித்தான் பேசினார்கள், நானும் அதைத்தான் நம்பினேன். ஆனால் சார், பயந்தவர் என்ன செய்திருப்பார்? கோப்பையைத் தள்ளிக் கொடுத்துவிட்டு, தலைவலி என்று வீட்டுக்குப் போயிருப்பார். பெயரைச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. மைதானத்துக்கே கேட்கிற மாதிரி, அதுவும் நல்லா பந்து போட்டவர் என்று சொல்ல வேண்டிய அவசியம் இல்லவே இல்லை. இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் கொஞ்சம் இளகிப் போகிறேன். உடனே மூட்டை தூக்கிய முதுகு ஞாபகம் வரும், மறுபடியும் இறுகிவிடுவேன்.

ஏழுமலை உங்களைச் சாமி மாதிரி நம்புகிறான். வீட்டில் ஒருவர் நம்பினால் போதும், இன்னொருவர் விழித்திருக்க வேண்டும். என் பேத்தியை ஜில்லா டீமில் ஆட வைக்கிறேன் என்று போன மாதம் ஒரு கோச் வீட்டுக்கு வந்தார். நல்ல பிள்ளை, நன்றாகத்தான் பேசினார். நான் கேட்டது ஒன்றுதான்: “எம் பேத்தி யாரு பேர்ல ஆடுவா?” அவர் திகைத்துப் போய், “அவ பேர்லதான் பாட்டி, வேற யாரு பேர்ல?” என்றார். பேத்திக்கு வெட்கமாகப் போயிற்று. இருக்கட்டும். அவள் இப்போது அவள் பெயரிலேயே ஆடுகிறாள்.

உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கேள்வியும் ஒரு முகமும்தான். நான் நம்பிய எத்தனையோ பேரின் முகம் எனக்கு மறந்துவிட்டது. உங்கள் முகம் மறக்கவில்லை. ‘பரிசு’ என்று சொல்லி நிறுத்திவிட்டு, பெயரைச் சொல்வதற்கு முன்னால், மைக்கைப் பிடித்தபடி எங்கள் வேலிப் பக்கம் ஒரு தடவை பார்த்தீர்களே, அந்த முகம். அவனுக்கு என்ன ஆகும் என்று தெரிந்து பார்த்தீர்களா, என்னிடம் கேட்டுக்கொண்டு சொல்லலாம் என்று பார்த்தீர்களா? நான் அப்போது தலையை ஆட்டினேன் சார். ஆமாம் என்று ஆட்டினேனா, வேண்டாம் என்று ஆட்டினேனா, அது எனக்கே தெரியவில்லை. உங்கள் கண்ணுக்கு அது எப்படித் தெரிந்தது?