வெள்ளி ஆறு மணி முறை

நவம்பர் 3, வெள்ளி

ஆறு மணிக்குத் துண்டைக் கட்டிக்கொண்டு, அடுப்பின் மேல் சில்லென்று கிடக்கும் கற்களைப் பார்த்தபடி, குடியிருப்புக்குப் பொதுவான ஆவிக் குளியல் அறையில், எங்கள் சவுனாவில், உட்கார்ந்திருந்தேன். அடுப்பு சூடேறவே இல்லை.

காரணம் நான். சவுனாவை நடத்தும் அடித்தளக் கணினியில் லினக்ஸ் இயங்குதளத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றினேன். பழையதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன, காப்பீட்டுக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். புதியது ஜம்மென்று எழுந்தது. சுவரிலிருக்கும் கார்டு ரீடரை மட்டும் யாரென்றே தெரியாது என்கிறது. கார்டைக் காட்டாமல் அடுப்பு ஏறாது. கையால் போட ஒரு சுவிட்ச் இருந்தது. அதைக் கழற்றச் சொன்ன புத்திசாலியும் நானே.

நவம்பர் 4

மாடிப்படியில் ஹில்க்கா, எங்கள் குடியிருப்புச் சங்கத் தலைவி.

"இலவசம் இலவசம்னு சொல்லித்தானே இதை வெச்ச, இல்போ? இப்ப குளிருதே, அதுவும் இலவசமா?"

"சரி பண்ணிடுவேன்."

"பண்ணு. இல்லன்னா வெள்ளிக்கிழமை ஆறு மணியை வெச்சுக்கிட்டு நீ என்ன செய்யப் போற?"

அதுதான் விஷயம். வீட்டுக்கு வாரம் ஒரு முறை சவுனா; இந்தக் கட்டடத்தில் வெள்ளி ஆறு மணி முறை, சாவு விழுந்தால்தான் கைமாறும். என் பின்னால் ஒன்பது வருஷமாகக் காத்திருப்பவள் அவள். நான் இருமினால்கூட அக்கறையாக விசாரிப்பாள்.

நவம்பர் 7

கண்டுபிடித்துவிட்டேன். லினக்ஸின் கருவான கெர்னலின் புதிய பதிப்பிலிருந்து என் ரீடரை இயக்கும் நிரலை, அதன் டிரைவரை, தூக்கிவிட்டார்கள். காரணம் ஒரே வரி: "யாரும் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை."

யாரும். பன்னிரண்டு வீட்டுக்காரர்கள் நடுங்குகிறோம், நாங்கள் யாரும் இல்லையா? கெர்னல் எழுதுகிறவர்களுக்குப் புகார் அனுப்பினேன். மூன்று வசவு போட்டு, இரண்டை எடுத்தேன்.

நவம்பர் 9

பதில் வந்தது. டெட்லெஃப் என்ற ஜெர்மனிக்காரர், கெர்னலில் அந்தப் பகுதிக்குப் பொறுப்பாளர். "சோதித்துப் பார்க்க அந்த ரீடர் எங்களிடம் இல்லை. திருத்தம் அனுப்பலாம், வரவேற்கிறோம்."

வரவேற்கிறார்களாம். எங்கள் லினக்ஸ் கூட்டத்தில் இதற்கு ஒரே அர்த்தம்: வேணும்னா நீயே எழுதிக்கோ, போ. எனக்குத் தெரியாதா? எத்தனை பேர் வாயை இதே வரியால் அடைத்திருக்கிறேன். இவ்வளவு எரியும் என்று ஒருத்தராவது சொல்லியிருக்கலாம்.

சொன்னார்கள். எல்லோருமே.

நவம்பர் 10, வெள்ளி

என் மனைவி சிர்க்கு, ஹில்க்காவோடு நகர நீச்சல்குளத்துச் சவுனாவுக்குப் போய்விட்டுச் சிவந்த முகத்தோடு வந்தாள்.

"என்ன பேசினீங்க?"

"உன்னைப் பத்தி இல்ல."

"நான் அதைக் கேக்கவே இல்லியே."

"அப்ப சரி. உன்னைப் பத்தித்தான்."

நவம்பர் 13

சங்கக் கூட்டம். வரும் வெள்ளி ஆறு மணிக்குக் கல் சூடாக இல்லையென்றால் என் முறை ஹில்க்காவுக்கு என்று தீர்மானம். வீட்டுக்கு ஒரு ஓட்டு. நான் அடித்தளத்தில் கணினியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததால் எங்கள் ஓட்டைப் போட்டது சிர்க்கு.

"எதிர்த்துத்தானே கை தூக்கின?"

"கை தூக்கினேன்."

நவம்பர் 15

தூக்கி எறிந்த டிரைவரைத் தேடியெடுத்தேன். புதிய கெர்னலுக்கு அதன் பேச்சில் பாதி புரியவில்லை. வரி வரியாக மாற்றி எழுதுகிறேன். பாழாய்ப்போன டெட்லெஃப். பாழாய்ப்போன நான்.

நவம்பர் 17, வெள்ளி

ரீடரில் பச்சை விளக்கு. அடுப்பு முனகி எழுந்தது. மணி ஆறாகப் பத்து நிமிடம்.

கல் சூடேற ஒரு மணி நேரம் ஆகும்.

ஆறுக்குச் சரியாக ஹில்க்கா துண்டோடு வந்தாள். கல்லைத் தொட்டுப் பார்த்தாள். "பரவாயில்ல இல்போ, நல்லா வேலை செஞ்சிருக்க. ஏழு மணிக்குப் பதமா இருக்கும். எனக்கு."

நவம்பர் 20

டெட்லெஃப் என் திருத்தத்தை ஏற்றுக்கொண்டார். "ரீடர் உங்களிடம்தான் இருக்கிறது. இனி இந்த டிரைவருக்குப் பொறுப்பாளர் நீங்களே." உலகம் முழுமைக்கும் நான். சம்பளம் கிடையாது.

எங்கள் புது முறை: ஞாயிறு காலை ஏழு மணி. மனுஷன் குளிக்கிற நேரமா அது?

பிப்ரவரி 2, வெள்ளி

ஆறு மணி. காற்றுக் குழாய் வழியாக, சவுனாவின் சூடான கல்லில் தண்ணீர் சீறும் சத்தம் மேலே வருகிறது. ஹில்க்காவின் சிரிப்பு. கூடவே சிர்க்குவின் சிரிப்பு, துணைக்குப் போயிருக்கிறாளாம்.

நார்வேயிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய ரீடர் ஒவ்வொரு கார்டையும் இரண்டு தடவை படிக்கிறதாம். "இந்த டிரைவரைப் பார்த்துக்கொள்ளும் முட்டாள் யார்?"

நான்தான் என்று எழுதினேன். அழித்தேன். கீழே இன்னொரு சீறல், இன்னொரு சிரிப்பு.

"திருத்தம் அனுப்பலாம், வரவேற்கிறோம்" என்று அனுப்பிவிட்டேன்.