குழைந்த சோறு

அன்புள்ள விங்-கேய் அவர்களுக்கு,

உங்கள் இருமல் தணிந்ததா? அத்தை சரியாகச் சாப்பிடுகிறார்களா? மக்காவ் நகரில் நான் நலம்.

நேற்று சலவைக்கூடத்தில் மேஸ்திரி பிங் எல்லோர் முன்னும், “உன் புருசன் வீட்டுல உக்காந்து பெண்டாட்டி காசுல குழைஞ்ச சோறு திங்கறான். நீ எனக்கு வைப்பா இரு, மாசாமாசம் பணம் தரேன். பெண்டாட்டி சோரம்போன புருசனுக்கு மாட்டற பச்சைத் தொப்பியை அவன் தலையில மாட்டிடுவோம்” என்றான்.

“எங்க அத்தைக்குப் பல்லில்ல, அவர் குழையத்தான் வடிப்பாரு. தொப்பி யாருக்குப் பொருந்தும்னு உன் பெண்டாட்டியைக் கேளு” என்றேன். பெண்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

இன்று என்னை இஸ்திரி அறைக்கு மாற்றிவிட்டான். இந்தக் குளிருக்கு அந்தச் சூடு இதமாகத்தான் இருக்கிறது. ஊரில் எவராவது அப்படிப் பேசினால் நீங்களும் தலைகுனிய வேண்டாம்.

வருகிறவர்களிடம் கொஞ்சம் கருவாடு கொடுத்தனுப்புங்கள். உங்கள் பழைய சட்டை ஒன்றும் வேண்டும். அதைத் துவைக்காமல் அனுப்புங்கள்.

மணி அடித்துவிட்டது.

உங்கள்
சௌ-லான்