அம்மா எழுதிய சீட்டு செல்லாது

அனுப்புநர்:
மருந்தகச் செவிலியர்,
மாணவர் படைப்பயிற்சிப் பள்ளி,
ஊழியர் குடியிருப்பு, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கடைசி வீடு.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
படைப்பயிற்சிப் பள்ளிகள் இயக்ககம்,
தலைமை அலுவலகம்.

பொருள்: ஆண்டு விழா அணிவகுப்பில் கால் முறிந்த ஒன்பதாம் வகுப்பு மாணவனை, 'காயத்தை மறைத்தவன்' என்று பழி சுமத்திப் பள்ளியிலிருந்து நீக்கியது – பழியைத் துடைக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: முதல்வரின் நீக்க ஆணை, என்னிடம் விளக்கம் கேட்டு முதல்வர் அனுப்பிய குறிப்பாணை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இப்பள்ளி மருந்தகத்தில் பல ஆண்டுகளாகச் செவிலியராகப் பணியாற்றி வருகிறேன். மேலே குறிப்பிட்ட மாணவன் என் மகன். அவனுடைய அப்பா இதே பள்ளியில் கணித ஆசிரியர். இதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாராவது தங்களிடம் வந்து, 'இவள் பெற்ற பாசத்தில் எழுதுகிறாள்' என்று பெரிய கண்டுபிடிப்பைப் போலச் சொல்ல வேண்டியிருக்காது. ஆம் ஐயா, பெற்ற பாசத்தில்தான் எழுதுகிறேன். அது குற்றமானால் அதற்கும் ஒரு குறிப்பாணை அனுப்பட்டும்.

2. 'பள்ளி வாசலுக்கு உள்ளே உறவு கிடையாது' என்பது முதல்வர் வகுத்த விதி. ஊழியர்களின் பிள்ளைகள் இங்கே படித்தால் தகப்பனை 'சார்' என்றும், தாயை அவள் பார்க்கும் வேலையின் பெயராலும்தான் அழைக்க வேண்டும். வீடு கூப்பிடு தூரத்தில் இருந்தாலும் விடுதியில்தான் தங்க வேண்டும். யாருக்கும் சலுகை கூடாது என்ற எண்ணம் நியாயம்தான் என்று நாங்களும் தலையாட்டினோம். ஆறாம் வகுப்பில் சேர்ந்த நாள் முதல் என் மகன் என்னை 'சிஸ்டர்' என்றே அழைத்தான். உடம்பு சரியில்லை என்று வந்தால் மற்றப் பையன்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றான். நானும் அவனுக்கு ஒரு ரொட்டித் துண்டுகூடக் கூடுதலாகக் கொடுத்ததில்லை. சின்ன வகுப்புப் பையன்கள் காய்ச்சல் வேகத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு 'அம்மா, அம்மா' என்று அனத்துவார்கள். அதற்கு எந்தத் தடையும் இல்லை. ஊரார் பிள்ளைகள் எல்லாம் என்னை அம்மா என்று கூப்பிடலாம். நான் பெற்றவன் மட்டும் கூப்பிடக் கூடாது ஐயா.

3. என் மகன் நெட்டையன். அதனால் ஆண்டு விழா அணிவகுப்பில் கொடி ஏந்தி முன்னால் நடக்க அவனைத் தேர்ந்தெடுத்தார்கள். காலையும் மாலையும் பயிற்சி. விழாவுக்கு முந்தைய வாரம் அவன் மருந்தக வரிசையில் வந்து நின்று, "சிஸ்டர், வலது காலை ஊன முடியல" என்று முறைப்படி சொன்னான். கணுக்காலுக்கு மேலே விரல் வைத்ததும் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். வீங்கியிருந்தது. அதைப் பார்க்கச் செவிலியர் படிப்பு வேண்டாம், கண் இருந்தால் போதும். 'ஓடவோ பூட்ஸ் அணியவோ கூடாது, எக்ஸ்ரே எடுக்க வேண்டும்' என்று சீட்டு எழுதினேன். என் சீட்டுக்கு இந்தப் பள்ளியில் மறுபேச்சு இருந்ததே இல்லை. வயிற்றுவலி என்று நடிக்கும் சோம்பேறிகளுக்குப் போனால் போகிறதென்று எழுதிக் கொடுத்த சீட்டுகள்கூடச் செல்லுபடியாகியிருக்கின்றன. இந்தச் சீட்டு மட்டும் முதல்வர் அறைக்குப் போய்ச் சிவப்பு மையோடு திரும்பி வந்தது: 'உறவினர் எழுதியது. செல்லாது.'

4. நேரில் போய்க் கேட்டேன். உட்காரச் சொல்லவில்லை. "அம்மா எழுதுற சீட்டை வச்சு பரேடுக்கு லீவு குடுத்தா, அப்புறம் இது எதுக்கு பள்ளிக்கூடம்? தொட்டில் கட்டித் தாலாட்டவா?" என்றார். அருகில் இருந்த எழுத்தர் சிரித்தார். பள்ளிக்கு வாரம் ஒரு முறை வரும் மருத்துவர் விழாவுக்கு மறுநாள்தான் வருவார் என்பதால், வெளியே அழைத்துப் போக அனுமதி கேட்டேன். மற்றப் பையன்களுக்குச் செய்யாததை உங்கள் பையனுக்குச் செய்ய முடியாது என்றார். மற்றப் பையனாக இருந்தால் என் சீட்டே போதுமே சார் என்றேன். நீங்கள் அறையை விட்டு வெளியே போகலாம் என்றார்.

5. டிரில் மாஸ்டரைக் குறை சொல்ல மாட்டேன். "எனக்கும் தெரியுது சிஸ்டர், பையன் கால் வைக்கிறதே சரியில்ல. மேலேர்ந்து ஆர்டர், நான் என்ன பண்ண?" என்று அவர் என்னிடம் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். கணித ஆசிரியரிடம், அதாவது என் கணவரிடம், தகப்பன் என்ற முறையில் ஒரு வார்த்தை முதல்வரிடம் பேசும்படி மன்றாடினேன். 'வாசலுக்கு உள்ளே நான் தகப்பன் இல்லை' என்று பதில் வந்தது. வாசலுக்கு வெளியே வந்து சொல்லுங்கள் என்றேன். அதற்கும் அசையவில்லை. பாலுக்கும் காவல் பூனைக்கும் தோழன் என்று சும்மாவா சொன்னார்கள்.

6. விழா அன்று விருந்தினர் மேடைக்கு நேரே திரும்பும் இடத்தில் என் மகனின் கால் மடங்கியது. முதலுதவிப் பெட்டியோடு மைதானத்தின் ஓரத்தில் நின்றிருந்த எனக்கு எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. வாத்தியங்களுக்கு நடுவே எப்படிக் கேட்கும் என்று கேட்பார்கள். எனக்குக் கேட்டது. கீழே விழுந்தும் கொடியை அவன் மண்ணில் படவிடவில்லை; அதற்காக விருந்தினர்கள் கைதட்டினார்கள். வலி வந்தால் எந்தப் பிள்ளையும் என்னவென்று கத்தும் என்பது தங்களுக்குத் தெரியும். என் மகன் "சிஸ்டர்" என்று கத்தினான் ஐயா. அந்த வலியிலும் அவன் விதியை மீறவில்லை. நான்தான் மீறினேன், அணிவகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே மைதானத்தின் குறுக்கே ஓடினேன். 'அனுமதியின்றி மைதானத்தைக் கடந்தது ஏன்?' என்று மறுநாள் எனக்குக் குறிப்பாணை வந்தது. அதற்குரிய விளக்கத்தை இம்மனுவாகவே கொள்ளுமாறு முதல்வருக்கும் தெரிவித்துக்கொள்கிறேன்.

7. பெரிய ஆஸ்பத்திரியில் தகடு வைத்து ஆறு திருகாணிகள் போட்டார்கள். எலும்பில் முன்பே கீறல் இருந்திருக்கிறது, சில வாரங்கள் ஓய்வு கொடுத்திருந்தால் தானாகவே கூடியிருக்கும் என்று அறுவை மருத்துவர் சொன்னார். இனி அவன் நடப்பான், ஓடுவது கடினம்.

8. அவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதே பள்ளியில் விசாரணைக் குழு கூடிவிட்டது. 'கொடி ஏந்தும் ஆசையில் மாணவன் தன் காயத்தை மறைத்தான்' என்று முடிவு செய்து, உடல்தகுதியும் நேர்மையும் இல்லாதவன் என்று நீக்கிவிட்டார்கள். வரிசையில் நின்று, வாய்விட்டுச் சொல்லி, சீட்டு வாங்கியவன் எதை மறைத்தான்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது யார்? சீட்டுதான் செல்லாதே, ஆகவே சீட்டே இல்லை என்று குழு கொண்டதாம். நான் சாட்சி சொல்லப் போனேன். செவிலியராகச் சொல்கிறேன் என்றால், நீங்கள் மாணவனின் தாய், கேட்க முடியாது என்றார்கள். சரி, தாயாகவே சொல்கிறேன் என்றேன். வாசலுக்கு உள்ளே தாய் கிடையாது என்றார்கள். நான் யார் என்பதைத் தாங்களாவது எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்.

9. அந்த முடிவின் கீழ் குழு உறுப்பினர்களின் கையொப்பங்கள் உள்ளன. மூன்றாவது கையொப்பம் கணித ஆசிரியருடையது. ஏன் போட்டீர்கள் என்று கேட்டதற்கு, "போடலன்னா பாசத்துல பண்ணேன்னு சொல்லுவாங்க" என்றார். சொல்லட்டுமே! பாசத்தில் செய்தால் தூக்கிலா போடுவார்கள்? அன்றிலிருந்து அவருக்குச் சோறு போடுகிறேன், பேசுவதில்லை. இது தங்கள் இயக்ககத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல என்று அறிவேன். ஆனாலும் பதிவாகட்டும்.

10. என் மகனைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நான் கேட்கவில்லை. இந்தப் பள்ளியில் அவன் பட்டது போதும். ஆனால் 'மறைத்தான்' என்ற அந்தச் சொல்லோடு மாற்றுச் சான்றிதழ் கொடுத்தால் வேறெந்தப் பள்ளி அவனைச் சேர்க்கும்? காலை முறித்தது போதாதென்று பொய்யன் என்ற பட்டமும் கட்டி அனுப்ப வேண்டுமா? அந்தச் சொல்லை நீக்கி, 'செவிலியரின் சீட்டை மீறி அணிவகுப்பில் நிறுத்தப்பட்டதால் காயமடைந்தான்' என்று உள்ளதை உள்ளபடி எழுத ஆணையிட வேண்டுகிறேன். சிவப்பு மையோடு அந்தச் சீட்டும் ஆஸ்பத்திரி எக்ஸ்ரேயும் என்னிடம் பத்திரமாக உள்ளன. கூப்பிட்ட நாளில் கொண்டு வருவேன். ஒரு வேண்டுகோள்: இம்மனுவை 'உரிய நடவடிக்கைக்காக' என்று முத்திரை குத்தி முதல்வருக்கே அனுப்பிவிட வேண்டாம். திருடன் கையிலேயே சாவியைக் கொடுத்த கதையாகிவிடும்.

11. இன்னும் ஒன்று சொல்ல இருக்கிறது. இதற்குச் சாட்சி யாரும் இல்லை. அறுவைக்குப் பிறகு மயக்கம் தெளிந்ததும் என் மகன், "ரொம்ப வலிக்குது சிஸ்டர்" என்றான். "டேய் கண்ணா, இது ஆஸ்பத்திரிடா. பள்ளிக்கூடம் இல்ல. இங்க அம்மான்னு கூப்பிடலாம்" என்றேன். அவன் உடனே கூப்பிடவில்லை. தலையைத் திருப்பிக் கதவைப் பார்த்தான். அங்கே ஒருவரும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் கூப்பிட்டான், அதுவும் எனக்கே சரியாகக் கேட்காத குரலில். என் பிள்ளையை இப்படி ஆக்கியவர்கள் நேர்மையைப் பற்றி அவனுக்குச் சான்றிதழ் எழுதக் கூடாது. தாங்கள் தலையிட்டு அதைத் திருத்தித் தர வேண்டும் ஐயா.

இடம்: ஊழியர் குடியிருப்பு, வாசலுக்கு உள்ளே
நாள்: 17ஆம் தேதி, திங்கட்கிழமை

செவிலியராகவும் தாயாகவும் இரண்டு முறை கையொப்பமிடுபவள்,

(கையொப்பம்) மருந்தகச் செவிலியர்

(கையொப்பம்) அவனுடைய அம்மா