பதிமூன்றாவது சுற்று

ஆம்பூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஜெபகனிக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே மூவரும் இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் கடிதம். பதறாமல் படி, உன் தங்கை ஜெனிஃபாவுக்குக் கண் பிழைத்துவிட்டது.

அவளுடைய பிளஸ் ஒன் இயற்பியல் வகுப்பில், பேட்டரி இல்லாமல் முறுக்கி வைத்த விசையிலேயே பத்து மீட்டர் ஓடும் வண்டி செய்யச் சொன்னார்கள். ஜெனிஃபா எங்கள் கம்பெனியில் ஷூவுக்குள் வைக்கும் அட்டையை வெட்டி, பழைய சி.டி.க்களைச் சக்கரமாக்கி, நான் பழைய சாமான் கடையில் வாங்கிவந்த சுவர்க்கடிகாரத்தின் சுருளைப் பொருத்தினாள். பன்னிரண்டு சுற்றுக்கு எட்டு மீட்டர்தான் ஓடியது. அச்சு உரசுகிறது, எண்ணெய் விட்டுப் பார்க்கலாம் என்றாள். எனக்குப் பொறுமை இல்லை, சாவியை வாங்கி நானே சுற்றினேன். பதிமூன்றாவது சுற்றில் "வுடுப்பா, இதுக்கு மேல தாங்காது" என்று குனிந்து என் கையைப் பிடித்தாள், அதற்குள் சுருள் தெறித்து அவள் இடது கண்ணில் அடித்தது. விரலிடுக்கெல்லாம் ரத்தம். பக்கத்து வீட்டு நசீர் அகமதுதான் காரில் வேலூருக்கு விரட்டினார், பள்ளிகொண்டா டோல்கேட்டில் நின்ற வரிசையைப் பார்த்து "கொழந்தைக்குக் கண்ணுப்பா, வழி வுடுங்க" என்று இறங்கி ஓடிக் கத்தினார்.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள், பார்வையைப் பற்றிக் கட்டுப் பிரித்தால்தான் தெரியும் என்றார்கள். எப்படி ஆச்சு என்று அம்மா கேட்டபோது நான் வாய் திறப்பதற்குள் ஜெனிஃபா "நான்தாம்மா ஜாஸ்தியா சுத்திட்டேன்" என்று சொல்லிவிட்டாள். நானும் சும்மா இருந்துவிட்டேன். மூன்று நாளும் அம்மா அவளுக்கு ஊட்டிக்கொண்டே திட்டினாள், நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். நாலாம் நாள் கட்டுப் பிரித்தபோது சுவரில் மாட்டிய எழுத்துப் பலகையில் கடைசி வரிக்கு முந்தைய வரிவரை படித்தாள். எனக்கு அழுகை வந்தது, உண்மை மட்டும் வரவில்லை.

நேற்று சாப்பிடும்போது அம்மா மறுபடி ஆரம்பித்தாள். தட்டைத் தள்ளிவிட்டு, சுற்றியவன் நான், அவள் தடுத்தாள் என்று சொல்லிவிட்டேன். "ஏம்பா சொன்ன?" என்று ஜெனிஃபா அழுதாள். அம்மா தன் தட்டையும் நகர்த்திவைத்தாள். பிறகு, "அடிபட்டதுகூடப் போவட்டும், மூணு நாளும் அவளைத் திட்டினேன், பக்கத்துலயே நின்னீங்களே" என்றாள். இன்று ஆராதனையில் இருவரும் என்னை விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்கள். ஜெனிஃபா இப்போது ரப்பர் பேண்டு போட்டு வேறு வண்டி செய்கிறாள், நான் தொடுவதில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, நைட் டியூட்டி முடிந்து தனியாக வராதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. அம்மா உனக்குப் போன் செய்தால் எனக்காகப் பரிந்து பேசாதே, கேட்டுக்கொள், போதும்.

இப்படிக்கு
உன் அப்பா
ஜார்ஜ்