பனியாறு வரை ஒரு மறுப்பு

பிப்ரவரி 9, 2025, ஞாயிறு

இட்லி மாவில் உளுந்து கூடிவிட்டதைப் பற்றி என் மனைவி ஹேமாவதி விளக்கிக்கொண்டிருந்தபோது ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கிலிருந்து மகள் அழைத்தாள். ஓவியா அங்கே பனியாறுகளை ஆராய்கிறாள். மலைச்சரிவில் ஆறு மாதிரி மெல்ல நகரும் பெரும் பனிப்பாளம்தான் பனியாறு. உத்தமபாளையத்தில் யாருக்கும் இதை விளக்கி நான் வெற்றி கண்டதில்லை. "ஐஸ் கம்பெனியா?" என்பார்கள். ஆமாம் என்று விட்டுவிடுவேன்.

"அப்பா, எனக்கு ஒருத்தரப் பிடிச்சிருக்கு. கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன். பேரு ஸ்டீவன். எங்க ஆய்வுக்கூடம்தான். ஊரு வந்துப்பா..."

"எந்த ஊரா இருந்தா என்ன?" என்று இடைமறித்தேன். வக்கீலாக இருபத்தெட்டு வருடம் பிறரை இடைமறித்திருக்கிறேன். ஓர் உயர்ந்த நோக்கத்துக்காக இடைமறித்தது இதுவே முதல் முறை.

"நெசமாவாப்பா?" என்றாள். இன்னொரு தடவையும் கேட்டாள். என் பரந்த மனப்பான்மை எனக்கே வியப்பாக இருந்தது.

புகைப்படம் அனுப்பினாள். தலைக்கவசம், கறுப்புக் கண்ணாடி, மூக்கு முழுக்க வெள்ளைக் களிம்பு, கழுத்துவரை மூடிய உடை, பக்கத்தில் சைக்கிள், பின்னால் பனி. நல்ல உயரம்.

பிப்ரவரி 11

கர்ணன் அண்ணனிடம் சொன்னேன். வெடிக்கும் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். எங்கள் தங்கை ராக்கம்மாளின் மகள், ஆறு வருடம் முன்பு வேற்றுச் சாதிப் பையனைக் கட்டிக்கொண்டதிலிருந்து அண்ணன் அந்த வீட்டு வாசலை மிதிப்பதில்லை. நானும் மிதிப்பதில்லை. அண்ணன் போகாத வீட்டுக்குத் தம்பி போவது மரியாதை இல்லை என்று ஒரு காரணம் வைத்திருக்கிறேன். நல்ல காரணம்; ஆறு வருடமாகத் தேயாமல் உழைக்கிறது.

"வெள்ளக்காரனா?" என்றார் அண்ணன்.

"ஆஸ்திரியா."

"அப்ப ஒண்ணுமில்லப்பா. வெளிநாட்டுக்காரனுக்கு ஏது சாதி? நான்கூட என்னமோ ஏதோன்னு பதறிட்டேன்."

இது எந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவு என்று கேட்கவில்லை. எனக்குச் சாதகமான தீர்ப்பில் நான் காரணம் கேட்பதில்லை.

பிப்ரவரி 16

ஜூலையில் எங்களைக் கூப்பிடுகிறாள். அவர்கள் வேலை செய்யும் பனியாறு வரை மலைச்சாலை இருக்கிறதாம். பதின்மூன்று கிலோமீட்டர், செங்குத்து. அதில் நான் சைக்கிளில்தான் ஏற வேண்டுமாம்.

"அம்மா கார்ல வரட்டும். நீங்க எங்ககூட ஏறி வாங்கப்பா. நாங்க என்ன செய்யுறோம்னு மேல வந்து பாருங்க. அங்கன வச்சுப் பேசிக்கிருவோம்."

நான் கடைசியாகச் சைக்கிள் மிதித்தது சட்டக் கல்லூரி இரண்டாம் ஆண்டில். இறக்கத்தில்.

பிப்ரவரி 22

தேனியில் கியர் சைக்கிள் வாங்கினேன். இருபத்தொரு கியர். "பேரனுக்கா சார்?" என்றார் கடைக்காரர்.

மார்ச் 1, சனி

ஆல்ப்ஸுக்குப் பயிற்சிக் களமாகக் கம்பம் மெட்டு மலைச்சாலையைத் தேர்ந்தெடுத்தேன். தூரம் ஏறக்குறைய அதேதான். கம்பம் வரை காரில் சைக்கிளைக் கொண்டுபோய், திராட்சைத் தோட்டங்கள் முடியும் இடத்தில் இறக்கினேன். முதல் கொண்டை ஊசி வளைவு வரை எனக்குள் ஒரு வீரன் இருந்தான். இரண்டாவதில் அவன் இறங்கிவிட்டான்.

ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப்புகள் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போயின. ஒன்று எனக்காகவே வேகத்தைக் குறைத்தது. பின்னால் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தவர் சங்கிலியம்மாள். அவருடைய பாகப்பிரிவினை வழக்கு என்னிடம்தான் இருக்கிறது.

"வக்கீலய்யா, யாரு வெரட்டுறாக? எதிர்க்கட்சியா?"

"உடற்பயிற்சிம்மா."

"அப்ப எங்களுக்குப் பதிலா ரெண்டு நா காய் எடுக்க வாங்களேன். கூலியும் தருவாக."

ஜீப்பே சிரித்தது. ஓட்டுநர் மட்டும் சிரிக்கவில்லை. "சாருக்கு மூச்சு ஒரு மாதிரியா வருது, பாத்துக்கங்க" என்றார்.

மார்ச் 3

மாடிப்படி இறங்கப் பக்கவாட்டில் நடக்கிறேன். நண்டு நல்ல பிராணி.

மார்ச் 29

ஆறாவது வளைவு வரை நிற்காமல். அதற்கு மேல் சைக்கிளும் நானும் பேசிக்கொண்டே நடந்து போனோம்.

ஏப்ரல் 14

புத்தாண்டுக்கு அண்ணன் பரிசு. பேருந்து நிலையம் எதிரே இருபதடி ஃபிளெக்ஸ். பனிமலை, அதன் மேல் ஒரு சைக்கிள், சைக்கிளின் மேல் வக்கீல் அங்கியோடு நான். "ஆல்ப்ஸை வென்ற அஞ்சாநெஞ்சரே!" என்று கொட்டை எழுத்து. நான் வெல்லவில்லை, இன்னும் விசாவுக்கே விண்ணப்பிக்கவில்லை என்பதெல்லாம் எங்கள் ஊரில் எழுத்துப்பிழை அளவுக்குக்கூடப் பொருட்டல்ல. கீழே: "எங்கள் இல்லம் வரும் ஆஸ்திரிய மாப்பிள்ளையை வருக வருக என வரவேற்கிறோம்." ஓரத்தில் கைகூப்பிய அண்ணன், என்னைவிடப் பெரிதாக.

வெட்கமாகத்தான் இருந்தது. ஐந்தாறு படங்கள் எடுத்துக்கொண்டேன்.

மே 10

இன்று மதியம் தொலைபேசியில் ஒரு பெண்மணி.

"வணக்கம் சார். ஸ்டீவனோட அம்மா பேசுறேன். ஜெபஷீலா. நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவ. ஒரு நா வந்து உங்களப் பாக்கலாமா?"

"நல்லாத் தமிழ் பேசுறீங்களே" என்றேன். இதை எழுதும்போதுகூடக் காது சுடுகிறது.

"வடுகபட்டியில வேற என்னத்தப் பேச?" என்றார்.

வடுகபட்டி. பெரியகுளம் பக்கம். பூண்டுச் சந்தைக்கு நானே போயிருக்கிறேன். என் மகள் ஏழாயிரம் கிலோமீட்டர் கடந்து போய், ஆல்ப்ஸ் மலையில் ஏறி, வடுகபட்டிப் பையனைக் கண்டுபிடித்திருக்கிறாள்.

ஓவியாவை அழைத்தேன். ஏன் சொல்லவில்லை?

"சொல்லத்தானேப்பா வந்தேன். எந்த ஊரா இருந்தா என்னன்னீக. எனக்கு எம்புட்டு சந்தோசமா இருந்துச்சு தெரியுமா?"

ஹேமாவதியிடம் சொன்னேன். அவள் வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "எனக்கு மாசியிலயே தெரியும். அந்த ஸ்டீவன் பிள்ள வாரா வாரம் எங்கிட்டப் பேசுது."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கவேயில்ல. பேசிக்கிட்டுல்ல இருந்தீக? பேனர் கட்டுன அன்னைக்காவது சொல்லுவோம்னு பாத்தேன். போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தீக."

மே 11

அண்ணன் கேட்ட முதல் கேள்வி: "வடுகபட்டியில எந்தத் தெரு?"

அவர் கேட்டதில் எனக்கு அதிர்ச்சி இல்லை. நேற்று அந்த அம்மாளிடம் போனை வைப்பதற்கு முன் நானே அதைக் கேட்டிருந்தேன் என்பதைத்தான் நேற்றைய குறிப்பில் எழுதாமல் விட்டிருக்கிறேன். "எந்தத் தெரும்மா?" என்று மிக மரியாதையாக. அவரும் மரியாதையாகவே பதில் சொன்னார்.

தெருவைச் சொன்னேன். அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"நீ போ. மலையேறு, என்னமும் செய்யி. வேணாம்னு முடிச்சுட்டு வா. இல்ல, ராக்கம்மா வீடு மாதிரிதான் உன் வீடும்."

மே 12

ஃபிளெக்ஸைக் காணோம். கட்டிய கம்புகள் நிற்கின்றன.

மே 13

ஓவியாவிடம் வேண்டாம் என்றேன். ஊர், உறவு, பிற்காலம் என்று மூன்று தலைப்புகளில். அழுவாள் என்று நினைத்தேன்.

"வேணாம்னா மேல வந்து சொல்லுங்க. எங்க ரெண்டு பேரு மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. கேட்டுக்கிறோம். போன்ல சொல்றதெல்லாம் கணக்கில்ல."

ஆக, மறுப்பதற்கும் மலையேற வேண்டும். மறுக்கிறவன் மூச்சு வாங்கக் கூடாது. பயிற்சி தொடர்கிறது.

மே 20

விசா விண்ணப்பம். பயண நோக்கம் என்ற இடத்தில் சுற்றுலா என்று போட்டேன். மறுப்புத் தெரிவிக்க என்று ஒரு கட்டம் இல்லை.

மே 31, சனி

கம்பம் மெட்டு உச்சியைத் தொட்டுவிட்டேன். ஓரிடத்திலும் கால் ஊன்றவில்லை. கோபத்துக்கு இருபத்தொரு கியரும் தேவைப்படுவதில்லை. ஒவ்வொரு வளைவிலும் என் மூன்று தலைப்புகளைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே ஏறினேன். நன்றாகக் கோர்வையாக வந்துவிட்டது.

ஜீப்பிலிருந்து சங்கிலியம்மாள்: "இன்னைக்கி வக்கீலய்யாவ யாரும் வெரட்டல. இவுகதான் யாரையோ வெரட்டிக்கிட்டு வாராக."

உச்சியில் டீ குடித்தேன். கேரளத்து டீ. எந்தத் தெருவோ.

ஜூன் 8

ஜெபஷீலா அம்மாள் வீட்டுக்கு வந்தார். தனியாக, இரண்டு பேருந்து மாறி. ஹேமாவதி வாசலுக்கே போய் அழைத்துவந்தாள். காப்பி கொடுத்தாள். எவர்சில்வர் டம்ளர்.

அவர் சுற்றி வளைக்கவில்லை. "சார், நீங்க வேணாம்னு சொல்லத்தான் போறீகன்னு உங்க மக சொல்லுச்சு. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அம்புட்டுத் தொலவு போயி பிள்ளைக மூஞ்சிக்கு நேரா சொல்லாதீக. எங்கிட்டச் சொல்லீருங்க. நான் பக்குவமாச் சொல்லிக்கிறேன். எனக்குக் கேட்டுப் பழக்கம். என் மகனும் பழகக் கூடாதுன்னுதான் அவன அம்புட்டுத் தூரம் படிக்க அனுப்புனேன்."

மூன்று தலைப்புகளில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. "யோசிச்சுச் சொல்றேம்மா" என்றேன். அடுத்த வாய்தா கேட்கிற குரலில்.

அவர் போன பிறகு ஹேமாவதி டம்ளரைக் கழுவி, மற்ற டம்ளர்களோடு கவிழ்த்து வைத்தாள். எங்கே வைக்கிறாள் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை அவள் பார்த்துவிட்டாள்.

"என்ன பாக்குறீக?"

"ஒண்ணுமில்ல."

இரவுச் சாப்பாடு வரை அவள் என்னோடு பேசவில்லை. அதற்குப் பிறகும்தான்.

ஜூலை 12, சனி. ஆஸ்திரியா

எழுத விரல் வரவில்லை. எழுதுகிறேன்.

காலை எட்டரைக்குக் கிளம்பினோம். ஓவியா முதல் வளைவிலேயே கண்ணிலிருந்து மறைந்துவிட்டாள். ஸ்டீவன் என் வேகத்துக்கே, ஒரு முழம் பின்னால் வந்தான். களிம்பு இல்லாத முகம்; அம்மா ஜாடை. கம்பம் மெட்டில் கியரோடு மூச்சும் இருந்தது. இங்கே காற்றே அளந்துதான் கொடுக்கிறார்கள். பாதி வழியில் எழுபது வயதுக் கிழவி ஒருவர், கூடையில் நாயோடு, சீட்டியடித்தபடி என்னைத் தாண்டிப் போனார். அவருடையது பேட்டரி சைக்கிள் என்பது பிறகுதான் தெரிந்தது. அதுவரை நான் அடைந்த அவமானத்துக்கு நிவாரணம் கிடையாது.

எட்டு முறை நின்றேன். நின்ற ஒவ்வொரு முறையும் அவனும் நின்று, செயினில் ஏதோ கோளாறு இருப்பதுபோல் குனிந்துகொண்டான். எட்டு முறையும் அவன் செயினுக்குத்தான் கோளாறு. என் மூச்சுக்கு இல்லை.

மேலே, பனியாற்றின் மீது அகலமான வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். வெயிலில் உருகாமல் இருக்கவாம். நோயாளிக்குப் போர்த்தியது மாதிரி. துணி இல்லாத இடத்தில் அழுக்காக, சாம்பல் நிறத்தில் பனி. அதில் நட்ட கம்புகளை வைத்துத்தான் எவ்வளவு கரைந்தது என்று இருவரும் அளக்கிறார்கள். இதை வைத்து ஓர் உவமை சொல்லலாம். சொல்ல மாட்டேன். இதற்கும் எங்கள் ஊருக்கும் பொருத்தமில்லை. பனி உருகுகிறது.

ஹேமாவதி காரருகில் போர்வையோடு நின்றாள். ஓவியா என் முன்னால் வந்து நின்றாள்.

"மேல வந்துட்டீகள்ல. சொல்லுங்கப்பா."

அப்போது ஸ்டீவன் விலகிப் போனான். யாரும் போகச் சொல்லவில்லை. பத்தடி தள்ளி, முகத்தைக் கொஞ்சம் திருப்பி, கைகளை முன்னால் கோத்துக்கொண்டு, பேச்சு காதில் விழாத தூரத்தில், ஆனால் கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் நின்றான். அந்த நிற்பு எனக்குத் தெரியும். எங்கள் களத்து ஓரத்தில், எங்கள் வாசலுக்கு வெளியே, சின்ன வயது முதல் பார்த்த நிற்பு. ஆஸ்திரியாவில் எந்தப் பல்கலைக்கழகத்திலும் அதைச் சொல்லிக்கொடுக்க மாட்டார்கள். அவனை இவ்வளவு தூரம் அனுப்பியும் அது போகவில்லை. நான் வந்ததும் வந்துவிட்டது.

மூன்று தலைப்புகளும் தயாராகத்தான் இருந்தன. மூச்சு ஒரு வாக்கியத்துக்குத்தான் இருந்தது.

"ஏய்யா, அங்கன எதுக்கு நிக்கிற? இங்கன வா."

வந்தான். வேறு எதுவும் நான் சொல்லவில்லை. ஓவியா கேட்கவும் இல்லை. ஹேமாவதி போர்வையை என் மேல் போட்டாள். ஒரு மாதத்துக்குப் பிறகு என்னிடம் பேசினாள்: "வேர்வையோட நிக்காதீக."

ஜூலை 27

ஊர் திரும்பி ஒரு வாரம். மலையேறினீர்களா என்று எல்லோரும் கேட்கிறார்கள். மாப்பிள்ளையைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. தெரு ஏற்கெனவே ஊருக்குத் தெரிந்துவிட்டது.

செப்டம்பர் 14

ஓவியாவின் கல்யாண வரவேற்புக்குப் பத்திரிகை வைக்க ராக்கம்மாள் வீட்டுக்குப் போனோம். கதவைத் திறந்தவள், "வழி தெரிஞ்சிச்சா?" என்றாள். பிறகு உள்ளே கூப்பிட்டாள்.

அக்டோபர் 5

அண்ணன் வீட்டில் பத்திரிகையை அண்ணி வாங்கிக்கொண்டார். அண்ணன் கொல்லைப்புறத்தில் இருந்தார். நாங்கள் இருந்த ஒன்றரை மணி நேரமும் கொல்லைப்புறத்தில்தான் இருந்தார்.

அக்டோபர் 26, ஞாயிறு

அண்ணன் அழைத்தார். ஐந்து மாதத்துக்குப் பிறகு.

"ஏப்பா, வெள்ளக்காரவுக யாரும் வாராகளா?"

"நாலு பேரு வாராக. ஓவியாவோட புரொபசரும் வாராரு."

"பெரியப்பன்னு ஒருத்தன் இல்லேன்னா அவுக தப்பா நெனப்பாக. மொத வரிசையில அவுக பக்கத்துல எனக்கு ஒரு சேர் போட்டு வையி."

"போடுறேன். ஆனா அவுகளுக்கு அந்தப் பக்கம் வடுகபட்டிக்காரவுக உக்காருவாக, இந்தப் பக்கமும் வடுகபட்டிக்காரவுகதான். ரெண்டு பஸ்ஸுல வாராக. நீங்க வந்தா சம்பந்தியம்மா பக்கத்து சேர்தான் இருக்கு."

வைத்துவிட்டார் என்று நினைத்தேன். வைக்கவில்லை, மூச்சு கேட்டுக்கொண்டே இருந்தது. ஏறி வந்தவன் மூச்சு மாதிரி.

"என்னைக்குன்னு சொன்ன?" என்றார் கடைசியில்.

"நவம்பர் பதினாறு."

அதோடு வைத்துவிட்டார். வருகிறேன் என்று சொல்லவில்லை. மண்டபத்துக்காரரை அழைத்து, முதல் வரிசைக்கு ஒரு நாற்காலி கூடுதலாக வேண்டும் என்றேன். யாருக்கு என்று கேட்டார். பெண்ணின் பெரியப்பாவுக்கு என்றேன்.