ஹேமாவைப் பற்றி நீ எழுதிய இரண்டு வரி

என் ராஜிக்கு,

வருகிற மாதத்தோடு நீ போய் ஒரு வருடம் ஆகிறது. நம் கல்கத்தா தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலரில் உன்னைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். முப்பது வருடம் ஒரே ஆசிரியர் அறையில் ஒரே மேஜையைப் பங்கு போட்டுக்கொண்டவர்கள் நாம். நீ ஆங்கிலம், நான் பூகோளம். வேறு யாரைக் கேட்பார்கள்? உன் நேர்மையைப் பற்றி எல்லோரும் எழுதுவார்கள். அந்த நேர்மை என் வீட்டுக்குள் வந்து என்ன செய்தது என்பதை நான்தான் எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் செய்தி. உன் பேத்தி தியா ஜெர்மனிக்குப் போகிறாள். அங்கே ஒரு குடும்பத்தோடு தங்கி ஒரு வருடம் பள்ளியில் படிப்பாள். அந்த ஊர்ப் பெண் ஒருத்தி இங்கே வருவாள். மாணவர் பரிமாற்றம். உனக்குத் தெரிந்த விஷயம்தானே? இருபத்தைந்து வருடம் முன்னால் என் ஹேமா விண்ணப்பித்ததும் இதற்குத்தான்.

அப்போது அவள் எப்படித் தயாரானாள் என்று நினைவிருக்கிறதா? ஜெர்மன் வகுப்பில் சேர்ந்தாள். தயிர்சாதத்தைக்கூட முள்கரண்டியால் சாப்பிட்டாள். பவானிபூரில் ஒரு கடையில் உட்கார்ந்து, அப்பாவுக்குத் தெரியாமல் முட்டை சாப்பிடப் பழகினாள். நீ இடைவேளையில் அவளுக்காக ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாய். "கல்கத்தா குளிர்னு நெனச்சியாடி? அங்க மூக்கே உதிர்ந்துடும்" என்று அவளைப் பயமுறுத்திச் சிரிப்பாய்.

நீதான் அவள் வகுப்பாசிரியை. வகுப்பாசிரியை ஒரு படிவத்தை நிரப்பி, உறையில் போட்டு ஒட்டி, நேரே தேர்வுக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். நீ எழுதுகிறாய் என்றதும் நான் நிம்மதியாக இருந்துவிட்டேன்.

நேர்காணலில் அந்தப் படிவத்தை ஹேமாவின் முன்னாலேயே வாசித்திருக்கிறார்கள். "வீட்டைப் பிரிந்து இருக்கும் பக்குவம் இவளுக்கு இன்னும் வரவில்லை. மூன்று நாள் பள்ளிச் சுற்றுலாவில் இரண்டு இரவும் அழுதாள்." அந்த இரண்டு வரியோடு அவள் எங்கள் டாக்குரியா வீட்டுக்குத் திரும்பி வந்தாள். இடம் வேறொரு பெண்ணுக்குப் போயிற்று.

ஒரு உதாரணம் சொல்லி உன் பக்கத்தையும் விளக்கிவிடுகிறேன். வகுப்பறைப் பழக்கம் போகவில்லை. நம் பள்ளியில் டீச்சர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு மார்க் குறைத்துத்தான் போடுவோம். யாரும் நம்மைப் பார்த்து விரல் நீட்டக் கூடாது, அவ்வளவுதான். உன் மகள் அனு வரைந்த கங்கைச் சமவெளி வரைபடம் வகுப்பிலேயே சிறந்தது. பத்துக்கு எட்டுதான் போட்டேன். நீயும் "சரிதான் விசாலம்" என்றாய். நமக்கு அது பெருமையாகக்கூட இருந்தது.

நான் வந்து கேட்டபோது நீ அதைத்தான் சொன்னாய்.

"வேற பொண்ணா இருந்தா அதை எழுதாம விட்டிருப்பேன், விசாலம். உன் பொண்ணுங்கறதாலதான் பயந்து பயந்து எழுதினேன். கேட்டிருந்தாங்க, உள்ளதைச் சொன்னேன்."

"ஸ்வெட்டர் பின்னிண்டே எழுதினியா?" என்று கேட்டேன். மறுநாள் வழக்கம்போல உன் டப்பாவிலிருந்து எலுமிச்சை சாதத்தை என் தட்டில் வைத்தாய். நானும் சாப்பிட்டேன். அதற்குப் பிறகு நாம் பேசாத விஷயம் இல்லை, அந்த ஒன்றைத் தவிர.

இடம் போனதுகூடப் பெரிதில்லை, ராஜி. பதினாறு வயதுப் பெண் தன் டீச்சர் எழுதியதை நம்பிவிட்டாள். கல்லூரிக்கு தில்லியில் இடம் கிடைத்தது, போகவில்லை. வங்கியில் பதவி உயர்வோடு சிலிகுரிக்கு மாற்றல் வந்தது, வேண்டாம் என்றாள். ஏன் என்று கேட்டால், "எனக்குத்தான் வீட்ட விட்டு இருக்கத் தெரியாதே, எழுதியே குடுத்திருக்காங்களே" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பை நீ கேட்டிருக்கிறாயா?

இந்த ஜனவரியில் தியா கைபேசியோடு வந்தாள். அனு என்னைச் சித்தி என்பதற்கு மாஷி என்பாள்; இவளும் வங்காளப் பிள்ளைகளைப் போல என்னைத் தீதா என்றுதான் கூப்பிடுகிறாள். பாட்டி என்பதை உனக்கு மட்டும் வைத்திருந்தாள்.

"தீதா, குடும்பத்துல இல்லாத பெரியவங்க ஒருத்தர் என்னைப் பத்தி எழுதணுமாம். உன் பேரைக் குடுத்துட்டேன். ஏக்டு, கொஞ்சமே கொஞ்சம் நல்லா எழுது, ப்ளீஸ்."

படிவத்தில் ஒரு கேள்வி: வீட்டைப் பிரிந்து இருப்பதில் இவருக்கு என்ன சிரமம் வரலாம்? நீ போனபிறகு அவளால் வீட்டில் தனியாக இருக்க முடியவில்லை. அனு ஆபீஸிலிருந்து வரும்வரை என் வீட்டில்தான் உட்கார்ந்திருப்பாள். நான் சமையலறைக்குப் போனால்கூட "தீதா, இருக்கியா?" என்று குரல் கொடுப்பாள். உள்ளதைச் சொல்வதென்றால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

உன் வரிகள் எனக்கு மனப்பாடம். முதல் வரியை அப்படியே தட்டினேன். "வீட்டைப் பிரிந்து இருக்கும் பக்குவம் இவளுக்கு இன்னும் வரவில்லை." ஒரு எழுத்து மாற்றவில்லை. தட்டும்போது இனித்தது என்றே சொல்வேன். நல்லவள் என்று பெயரெடுத்த விசாலத்துக்குள் இப்படி ஒருத்தி இருக்கிறாள் என்று உனக்குத் தெரியுமா?

வங்கியிலிருந்து வந்த ஹேமா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"இது யாரோட ஃபார்ம்மா? என்னோடதா?"

பையைக்கூடக் கீழே வைக்காமல் உள்ளே போய்விட்டாள்.

அழித்தேன். பிறகு எழுதினேன்: "பாட்டி இறந்ததிலிருந்து தனியாக இருக்கச் சிரமப்படுகிறாள். முதல் சில வாரம் அழுவாள். பிறகு பழகிவிடுவாள். தாராளமாக அனுப்பலாம்." அனுப்பும்வரை ஹேமாவின் அறைக் கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இதில் எது பொய், சொல். கடைசி இரண்டு வரியை எழுத எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. என் மகளுக்கு அந்த ஒரு நிமிடத்தை நீ ஏன் தரவில்லை?

தியாவுக்கு இடம் கிடைத்துவிட்டது. விசாவும் வந்தாயிற்று. அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஆனாலும் இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் அனுவிடம் வாசித்துக் காட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போடுங்க மாஷி. அம்மாவுக்கும் யாராவது மார்க் போடணுமில்ல?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஹேமா தியாவுக்கு ஜெர்மன் சொல்லித் தருகிறாள். அவள் அந்த மொழியை மறக்காமல் வைத்திருக்கிறாள் என்பது இத்தனை வருடம் எனக்கே தெரியாது. யாரிடம் பேசிக்கொண்டிருந்தாள்?

ஆகஸ்ட்டில் எல்லோரும் விமான நிலையத்துக்குப் போகிறோம். ஹேமாவும் வருகிறாள். தியா உள்ளே போகும்போது நான் தியாவைத்தான் பார்ப்பேன். பக்கத்தில் நிற்பவளின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

உனக்கு ஒரு வாக்கு. முதல் மாதம் உன் பேத்தி போனில் எவ்வளவு அழுதாலும், "திரும்பி வந்துடு" என்று அனுவைச் சொல்ல விடமாட்டேன். அழுது முடிக்கும்வரை நான் போனைப் பிடித்துக்கொண்டிருப்பேன். உன்னை மன்னிப்பதைப் பற்றி மட்டும் வாக்கு எதுவும் கேட்காதே, ராஜி.

உன் அனுவுக்கு மாஷி,
ஹேமாவின் அம்மா,
விசாலம்